உள்ளூர் ஊழியர்களைத் தாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடும் எங்கள் ஜெபக்குழுவில் 16 குடும்பங்கள் இருக்கின்றன. ஏழை மக்கள் நடுவே தங்கி உழைக்கும் உள்ளூர்க் கிறிஸ்தவ ஊழியர்கள் மூவரை நாங்கள் மாதந்தோறும் பணம் கொடுத்துத் தாங்கி வருகிறோம். ஒருவர் கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்புகளிலும், இன்னொருவர் கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவர் தெருக்களிலும், மூன்றாமவர் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வயல்வேலை செய்யும் குடும்பங்களிடையேயும் பணி செய்கிறார்கள். கணக்கு எழுதும் பொறுப்பு 11 ஆண்டுகளாக என்னிடம் இருப்பதால், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே சந்தேகங்களையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தருகிறேன்.

மிஷனரி என்றால் வெள்ளைக்காரர்தானே? நம்மூர்க்காரரை எப்படி மிஷனரி என்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு நம் ஊரின் வரலாறே இடம் கொடுக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கினார். 1740இல் கீர்நாந்தர் கடலூருக்கு வந்தார். 1758இல் பிரெஞ்சுப் படை அங்கிருந்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். புதுச்சேரியில் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகச் சபையின் குருக்களும், 1827இல் வந்த குளுனி கன்னியரும் நெடுங்காலம் பணி செய்தார்கள். டேனிஷ் மிஷன் விதைத்தது இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக நிற்கிறது. ஆகவே மிஷனரி என்றதும் தொப்பியும் வெள்ளைத் தோலும் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

ஆனால் இந்தியர்களே ஊழியர்களை அனுப்பி, இந்தியர்களே காசு கொடுத்துத் தாங்குவது என்பதும் பழைய செய்திதான். 1903இல் திருநெல்வேலியில் அசரியா முதலானோர் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குத் தமிழரை அனுப்பியது. இந்தப் பக்கத்தில் ‘ஊழியர்’ என்று நான் எழுதும் இடமெல்லாம், நம் மொழி பேசி, நம் பகுதியிலேயே ஏழைகள் நடுவே குடியிருந்து பணி செய்யும் ஆணையோ பெண்ணையோ குறிக்கிறேன்.

அவருடைய அன்றாட வேலைதான் என்ன, ஐயா? பிரசங்கம் மட்டும்தானா?

பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. மற்ற ஆறு நாட்களில் அவரைத் தாலுகா அலுவலகத்தில்தான் பார்க்கலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இருளர் பிள்ளை ஒருத்தி பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வேண்டுமானால் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றச் சாதிச் சான்றிதழ்களைப் போல இதைத் தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தர வேண்டும். தாத்தாவுக்கு அந்தச் சான்றிதழ் இல்லை, அப்பாவுக்கும் இல்லை என்றால் எதை வைத்து நிரூபிப்பது? முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடித்து அன்றைய அரிசியை வாங்கும் தகப்பனால், ஒரு கையெழுத்துக்காக நான்கு நாள் வேலையை விட்டு அலைய முடியாது. மனு எழுதிக் கொடுத்து, பேருந்துக் கட்டணம் போட்டு அழைத்துப் போய், ‘நாளைக்கு வா’ என்றால் நாளைக்கும் உடன் போகிற ஒருவர் அவருக்குத் தேவை.

மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், பிரசவத்துக்கு அரசு மருத்துவமனை வரை துணை, குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் பேச்சு, சாவு வீட்டில் குழி வெட்டுவதற்கு ஆள் என்று வேலை நீண்டுகொண்டே போகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டபோதும், நிவாரணப் பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் எவை என்பதை உடனே சொல்ல முடிந்தது அங்கேயே குடியிருந்தவர்களால்தான். வெளியூரிலிருந்து வாகனத்தில் வந்து போகிறவருக்கு அது தெரியாது.

மாதம் எவ்வளவு கொடுத்தால் முறையாக இருக்கும்?

தொகையைவிடத் தேதி முக்கியம் என்பதே என் அனுபவம். கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டுப் பதினொரு மாதம் மறந்துவிடுகிறவரைக் காட்டிலும், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறவரை நம்பித்தான் ஊழியரின் மனைவி மளிகைக் கடையில் கடன் சொல்ல முடியும்.

எவ்வளவு தேவை என்பதை நாங்கள் ஊகித்து முடிவு செய்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊழியரும் அவர் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, வாடகை, பெட்ரோல், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, பெற்றோரின் மருந்து என்று வீட்டுச் செலவை எழுதித் தருவார்கள். மனைவியும் உடன் இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்; ‘தேவன் பார்த்துக்கொள்வார்’ என்று அவர் விட்டுவிடும் செலவுகளை அந்த அம்மாதான் நினைவுபடுத்துவார். ஊழியச் செலவை, அதாவது மேலே சொன்ன பேருந்துக் கட்டணம், மனுச் செலவு, நோட்டுப் புத்தகம் போன்றவற்றை, வீட்டுச் செலவிலிருந்து பிரித்துத் தனியே அனுப்புகிறோம். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் ஊழியர் தம் பிள்ளைகளின் பாலைக் குறைத்து ஊராரின் மருந்தை வாங்குவார். அல்லது, அரிதாக, அதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

பணத்துக்குப் பதில் பழைய துணி, சாமான்கள் கொடுக்கலாமா?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரைச் சாலைகளில் யாரும் எடுக்காத பழந்துணிகள் குவிந்து கிடந்ததைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வலையையும் கட்டுமரத்தையும் இழந்தவரிடம் கிழிந்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பதை உதவி என்று சொல்ல முடியாது.

ஊழியரிடம் கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு இல்லையா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

அந்தப் பழமொழி வாங்குகிறவருக்குச் சொன்னது. மாட்டைக் கொடுத்தவர், அது உழுகிறதா, தொழுவத்தில் பட்டினி கிடக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. ஒருவரும் குற்றஞ்சாட்ட இடமிருக்கக் கூடாது என்பதற்காகச் சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவரையும் உடன் சேர்த்துக்கொண்டதாக 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது என்று சிலர் மறுமொழி சொல்வார்கள். அது கொடுக்கிறவர் பெருமை பேசிக்கொள்வதைக் கண்டிக்கும் வசனம். பேரேடு எழுதாமல் தப்பிக்க உதவும் வசனம் அன்று.

எங்கள் குழுவே இதைச் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டது. தொடக்க ஆண்டுகளில் ஒருவர் கட்டி முடியாத ஜெபக்கூடத்தின் படத்தைக் காட்டி எங்களிடம் பணம் பெற்றார். அதே சுவரின் அதே படத்தை வேறு இரண்டு குழுக்களிடமும் காட்டியிருந்தார் என்பது ஒன்றரை ஆண்டு கழித்துத் தெரிந்தது. அவர்மீது எனக்கு இருக்கும் வருத்தத்தைவிட, ஒருமுறைகூட நேரில் போய்ப் பார்க்காத எங்கள்மீது இருக்கும் வருத்தமே அதிகம்.

அதன்பின் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். ஊழியச் செலவின் மாதக் கணக்கு எங்களுக்கு வருவதோடு, எந்தக் குடியிருப்பின் பெயரால் பணம் வந்ததோ அந்தக் குடியிருப்பிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டப்படும். யாருக்கு என்ன நோய் என்பது போன்ற அந்தரங்கம் அதில் இராது. தொகையும் செலவின் தலைப்பும் மட்டும் இருக்கும். எங்களுக்குக் காட்டும் கணக்கில் எதையும் எழுதிவிடலாம். ‘நோட்டுப் புத்தகம் 40’ என்று சுவரில் ஒட்டிவிட்டு 25 மட்டும் கொடுத்தால், எண்ணத் தெரிந்த சிறுமியே கேட்டுவிடுவாள்.

கொடுத்த பணத்துக்கு வரிச்சலுகை கிடைக்குமா?

ஊழியரின் கையிலோ அவருடைய வங்கிக் கணக்கிலோ கொடுத்தால் கிடைக்காது. 80ஜி என்று நாம் சொல்லும் வரிச்சலுகை, வருமான வரித்துறையில் அதற்கெனப் பதிவு செய்த அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ கொடுத்தால் மட்டுமே உண்டு; அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்குத்தான். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்குச் சலுகை இல்லை. ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்கென்றே அமைந்த நிறுவனம் பொதுவாக இந்தச் சலுகைக்குள் வராது என்பதால், சபைக் காணிக்கைக்கும் இது பொருந்தாது. அச்சடித்த ரசீதில் 80ஜி என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், ஆண்டு முடிவில் வரித்துறைத் தளத்திலிருந்து எடுத்த நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

என் அக்கா பாரிஸில் இருக்கிறார், பிரெஞ்சுக் குடியுரிமை. அவர் நேராக ஊழியருக்கு அனுப்பலாமா?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. பேச்சும் சமையலும் நம்முடையவை. ஆனால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் அக்கா ‘வெளிநாட்டு மூலம்’. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அதுவே நிலை. அவர் ஊழியப் பணிக்கு அனுப்பும் பணத்தை, அந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பெற்ற அமைப்பு அதை வேறு அமைப்புக்கோ ஆளுக்கோ மாற்றித் தரவும் கூடாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

‘அப்படியானால் அக்கா எனக்கு அனுப்பட்டும், நான் ஊழியருக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்பது அடுத்துத் தவறாமல் வரும் யோசனை. உடன்பிறந்தவர் குடும்பச் செலவுக்கு அனுப்புவதைச் சட்டம் அனுமதிக்கிறது, ஓராண்டில் ரூ.10 லட்சத்தைத் தாண்டினால் 3 மாதத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஊழியத்துக்கென்றே திரட்டிய பணத்தை உறவின் பெயரால் உள்ளே கொண்டுவருவது சட்டத்தைச் சுற்றிப் போகும் வழி. சிக்கல் வரும்போது விசாரணைக்குப் போய் நிற்பவர் பாரிஸில் இருக்கும் அக்கா அல்லர். கிள்ளையில் இருக்கும் ஊழியர். உங்கள் அக்காவை முறையான பதிவுள்ள அமைப்பு ஒன்றுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொகை பெரிதானால் தணிக்கையாளர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

என் மகன் துபாயில் வேலை செய்கிறான். அவனுக்கும் இதே கட்டுப்பாடா?

இல்லை. அவர் இந்தியக் கடவுச்சீட்டு உடையவராக இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தம்மோடு வேலை செய்யும் பிற நாட்டாரிடம் திரட்டிச் சேர்த்து அனுப்பினால், மேலே அக்காவுக்குச் சொன்னதே அந்தப் பணத்துக்கும் பொருந்தும்.

அரிசி கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டார்களா?

சொல்வார்கள், சில இடங்களில் ஊழியர்களே அதற்கு இடமும் கொடுத்திருக்கிறார்கள். அரசமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமைக்குள் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002இல் வந்து 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பசித்தவரிடம் சோற்றைக் காட்டி விசுவாசம் கேட்பது அவரையும் அவமதிப்பது, விசுவாசத்தையும் அவமதிப்பது என்பது என் கருத்து.

நடைமுறையில் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பயனாளிகள் பட்டியலை ஊழியர் எழுதக் கூடாது, குடியிருப்பில் உள்ள பெண்கள் கூடி எழுத வேண்டும். பொருள் வழங்கும் நாளில் ஜெபக்கூட்டம் இருக்கக் கூடாது. வாங்குகிறவரைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பக் கூடாது. பெண்கள் எழுதும் பட்டியல் இங்கே கைகொடுக்கிறது. ஒருமுறை சந்தேகத்தோடு வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், பட்டியலில் தம் தெருக் கோயில் பூசாரியின் பேத்தி பெயரும் இருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் கொடுக்கலாமா?

தாராளமாக. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் முருக பக்தர் ஒருவர் ஒவ்வொரு ஜூன் மாதமும் நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறார். அவருடைய பணம் ஊழியச் செலவுக் கணக்கில் கல்விக்கு மட்டும் போகும். அதற்கான கணக்கு அவருக்கும் அனுப்பப்படும்.

ஞானஸ்நானம் எடுத்தால் சாதிச் சான்றிதழ் போய்விடும் என்கிறார்களே?

பட்டியல் சாதியினரைப் பொறுத்தவரை அது உண்மை. ஊழியர் இதை மறைக்கவே கூடாது. குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கே உரியது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சான்றிதழில் இந்துவாகவும் வாழ்க்கையில் கிறிஸ்தவராகவும் இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள், 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அறிந்திருக்க வேண்டும்: ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வருகிற ஒருவர், வேலைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோர முடியாது என்று அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. பழங்குடியினருக்கு இப்படி மத நிபந்தனை இல்லை. ஆகவே இருளர் குடும்பத்துக்கும், 2023இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்த நரிக்குறவர் குடும்பத்துக்கும் பதில் வேறு.

இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிடுவதில்லை என்பதை நம் சபைகளே காட்டுகின்றன. 2008இல் எறையூரில் கிறிஸ்தவருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே சாதிப் பூசல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். ஆனால் சட்டம் மாறும் வரை, ஒரு குடும்பம் எதை இழக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அவர்கள் யோசிக்க நாள் கொடுப்பது ஊழியரின் கடமை.

பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறவருக்கு உதவலாமா?

சிறார் நீதிச் சட்டம் 2015இன்கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவில்லாமல் நடத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சான்று இருந்தாலும், அங்கே இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வறுமை ஒன்றுக்காகவே பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதைவிட, அந்த வீட்டுக்கே உதவி செய்து பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் நிறுத்துவது செலவும் குறைவு, அந்தப் பிள்ளை இரவில் அம்மாவின் பக்கத்திலும் படுக்கும்.

‘ஜெபித்தால் போதும், மாத்திரை வேண்டாம்’ என்று சொல்லும் ஊழியரை என்ன செய்வது?

அவரைத் தாங்குவதை நிறுத்திவிடுங்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டவருக்கு மருந்துக்கு அடங்காத காசநோய் வரலாம். அது வீட்டில் உள்ள குழந்தைக்கும் தொற்றும். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கென மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வருகிறது. அந்தப் பணத்தை வாங்கித் தருவதும், தினம் மாத்திரை விழுங்கினாரா என்று பார்ப்பதும், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பதும்தான் ஊழியம்.

ஊழியருக்கு வயதாகிவிட்டால் அல்லது ஏதாவது நேர்ந்துவிட்டால் குடும்பத்தின் கதி என்ன?

இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதால், கேட்பவரை எனக்குப் பிடிக்கும். பெரிய சபைகளின் ஆயர்களுக்கு ஓய்வூதியம் போன்ற ஏற்பாடுகள் உண்டு. தனித்து உழைக்கும் உபதேசியாருக்கு எதுவும் இல்லை. ஆண்டுக்கு ரூ.20இல் விபத்துக் காப்பீடும், ரூ.436இல் ஆயுள் காப்பீடும் வங்கியிலேயே கிடைக்கின்றன. இரண்டும் தலா ரூ.2 லட்சம். 40 வயதுக்கு உட்பட்டவர் அரசின் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். எங்கள் ஊழியர்கள் மூவருக்கும் இவற்றின் தவணையை ஊதியத்தோடு சேர்க்காமல் குழுவே நேராகக் கட்டுகிறது. தமிழ்நாட்டில் தேவாலய உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் அரசின் நல வாரியம் ஒன்று உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்கலாம். அது தமிழ்நாட்டுக்கு உரியது என்பதால் பாகூரில் இருப்பவருக்குப் பொருந்தவில்லை.

ஊழியரோ அவர் மனைவியோ தையல், பால்மாடு, டியூஷன் என்று ஒரு தொழில் வைத்துக்கொள்வதைச் சிலர் குறையாகப் பேசுகிறார்கள். பவுல் கூடாரம் செய்து பிழைத்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

தாங்குவதை நிறுத்த வேண்டி வந்தால் எப்படிச் சொல்வது?

பிள்ளைகளுக்குத் தீங்கு, பொய்க் கணக்கு, மருந்தை நிறுத்தச் சொன்னது போன்ற காரணங்களுக்காக என்றால் அன்றே நிறுத்தலாம். காரணத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளைப் பற்றியது என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பதும் உங்கள் பொறுப்பு. உங்கள் வேலை போனது, குழு கலைந்தது போன்ற காரணம் என்றால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். சொல்லாமல் நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதுதான் நான் அதிகம் கண்ட வழி. ஊழியர் அதை வெளியே சொல்ல மாட்டார், மளிகைக் கடைக்காரர் சொல்வார்.

நாங்கள் ஒருமுறை இப்படி நிறுத்தியபோது, குடியிருப்பின் சுவரிலும் எழுதி ஒட்டச் சொன்னோம்: ‘மஞ்சக்குப்பம் குழுவின் உதவி ஆகஸ்ட் மாதத்தோடு முடிகிறது.’ ஊழியருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. மறுவாரம் அங்கிருந்த பெண்கள் நால்வர் எங்கள் வீடு தேடி வந்து, ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.